பொருந்தாது என்று நான் சொன்ன சிறுநீரகம்

இந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைக் கண்டால் கேட்பதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள். எடுத்த சிறுநீரகத்தை ஐஸில் எத்தனை மணித்தியாலம் வைத்திருக்கலாம், குழாயை எந்த நூலால் தைப்பது நல்லது, முதல் சொட்டுச் சிறுநீர் வரும்போது மனதில் என்ன தோன்றும். முதல் இரண்டுக்கும் புத்தகம் இருக்கிறது. இல்லாவிட்டால் கையிலிருக்கும் போனில் தேடுங்கள். நான் பேசும்போது எப்படியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றாவதற்குப் பதில்: அப்பாடா என்று இருக்கும், பிறகு பசிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பிரிவைப் பல வருடம் நடத்தியதில் கத்தியால் நான் விட்ட பிழைகள் உண்டு. அவை கோப்புகளில் இருக்கின்றன, கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். வாயால் விட்ட ஒரு பிழை எந்தக் கோப்பிலும் சரியாக எழுதப்படவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கியாயிற்று, பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கொழும்பில் ஒரு போதனா வைத்தியசாலையின் உறுப்பு மாற்றுப் பிரிவை நடத்துவதென்றால் நாள் முழுக்கச் சத்திரசிகிச்சை செய்வது என்று எண்ணிக்கொண்டு வந்திருப்பீர்கள். அது கிழமையில் ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் கடதாசி. தருபவரும் பெறுபவரும் சொந்தம்தான் என்று கிராம சேவகர் எழுதிய கடிதம், அதை உறுதிப்படுத்தும் சத்தியக் கடதாசி, அதன் மேல் சமாதான நீதவானின் முத்திரை, பிறப்புச் சான்றிதழ்கள், அவற்றின் மொழிபெயர்ப்புகள். இத்தனையையும் பார்த்து அனுமதி தர ஒரு குழு. குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் ஒரே நாளில் கொழும்பில் இருந்த அதிசயத்தை நான் இரண்டு தடவைதான் கண்டிருக்கிறேன்.

இந்தக் கடதாசிகள் எல்லாம் ஒரு விஷயத்தை உறுதிசெய்யத்தான்: தருபவர் தன் சொந்த விருப்பத்தில் தருகிறார். ஆனால் அதை எந்தக் கடதாசியும் சொல்லாது. தருபவரைத் தனியே ஓர் அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்கவேண்டும். எனக்குத் தொழில் கற்றுத் தந்த பேராசிரியர், பெயர் வேண்டாம், எங்களுக்கு ஒரு வசனம் சொல்லித் தந்திருந்தார். "விருப்பமில்லாதவருடைய சிறுநீரகம் ஒருநாளும் பொருந்தாது." அதாவது, தருபவர் தனியறையில் வேண்டாம் என்று சொன்னால், வெளியே நிற்கும் குடும்பத்திடம் நாங்கள் போய் "சோதனையில் பொருந்தவில்லை" என்று சொல்லிவிடுவோம். அந்த ஆள் வீட்டுக்குப் போய் ஒருவருக்கும் முகம் கொடுக்கச் சிரமப்படத் தேவையில்லை. பழி எங்கள் சோதனையின் மேல் போகும். உலகத்தில் பல இடங்களில் இது நடக்கிறது. நானும் பல தடவை செய்தேன், செய்துவிட்டு நன்றாக நித்திரையும் கொண்டேன்.

மனோகரனின் குடும்பம் கிளினிக்குக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, காலி வீதியில் புத்தகக் கடை வைத்திருப்பவர், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாடிக் குடியிருப்பு. இரண்டு சிறுநீரகமும் போய், கிழமைக்கு மூன்று தடவை டயலிசிஸ். அவரோடு மனைவி இந்திரா, கல்கிசையிலிருந்து வந்த சித்தப்பா, அவர்களுக்குப் பின்னால் கடைசியாகத் தங்கை சுகந்தி. சித்தப்பாவின் கையில் கோப்பு. எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். நோய் யாருக்கோ, கோப்பு அவருக்கு.

"சுகந்திதான் குடுக்கிறா டொக்டர்," என்று சித்தப்பா ஆரம்பித்தார். "எல்லாம் கதைச்சு முடிச்சிட்டம். நாளும் பாத்தாச்சு."

"என்ன நாள்?"

"ஒப்பரேஷனுக்கு. வாற மாசம் இருபத்திமூண்டு. காலமை பத்தரைக்கு முதல் செய்தா நல்லது."

ஒரு சோதனைகூட எடுக்கவில்லை. அதற்குள் நாள் பார்த்தாயிற்று. நான் பேனையை மேசையில் வைத்துவிட்டு, சுகந்தி சம்மதமா என்று கேட்டேன். கேட்டது சுகந்தியை. பதில் சொன்னது சித்தப்பா.

"அவளுக்கு என்ன டொக்டர், தனி ஆள்தானே. புருஷன் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. ரெண்டு கிட்னியும் சும்மாதானே கிடக்குது."

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நானும் கல்யாணம் செய்துகொள்ளாதவள். எங்கள் வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கவேண்டுமா, யாருடைய பிள்ளைக்காவது பரீட்சைக்கு இடம் கொடுக்கவேண்டுமா, யாருக்காவது விமான நிலையத்துக்குப் போகவேண்டுமா, "அவள் சும்மாதானே இருக்கிறாள்" என்ற அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள். அப்போது நான் கிழமையில் எண்பது மணித்தியாலம் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆகவே சித்தப்பா வாயை மூடியதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. சுகந்திக்காகக் கோபம் வருகிறது என்று நினைத்தேன். பாதி அவளுக்காக. மிச்சம் பாதி எனக்காக.

சுகந்தி யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, ஒரு மேசை, மேசையில் முத்திரை. வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் தமிழிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றி, "இது சரியான மொழிபெயர்ப்பு" என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவது தொழில். எங்கள் பிரிவுக்கு வரும் கடதாசிகளில் எத்தனையோ அவருடைய முத்திரையோடு வந்திருக்கின்றன. ஆளை அன்றுதான் கண்டேன்.

தனியே சந்திப்பதுதான் முதலில் நடக்கவேண்டும், பிறகுதான் சோதனைகள். ஆனால் அப்போது எங்கள் பிரிவில் சமூக சேவை உத்தியோகத்தர் பதவி வெறுமையாகக் கிடந்தது. ஒன்றரை வருடமாக நான் எழுதிய கடிதங்கள் அமைச்சில் ஏதோ ஓர் அலுமாரியில் நித்திரை கொண்டன. அதனால் சோதனைகள் முந்திக்கொண்டன. இரத்தம் பொருந்தியது, திசு பொருந்தியது, எல்லாம் அழகாகப் பொருந்தியது. இரத்தக் குழாய்களைப் பார்க்கும் ஸ்கான் மட்டும் மிச்சம். எங்கள் இயந்திரம் அந்த மாதம் பழுது. எந்த மாதம் பழுதில்லை என்று கேட்காதீர்கள். வெளியே ஒரு தனியார் நிலையத்துக்கு அனுப்பினோம். அங்கே எடுத்த அறிக்கையைப் பெரிய மண்ணிறக் கடித உறையில் போட்டு நோயாளியின் கையில் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் ஒரு போட்டோ பிரதி எடுத்துக்கொண்டு மூலப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். நம் நாட்டில் நோயாளியின் சரித்திரம் ஆஸ்பத்திரியில் இருப்பதில்லை, அவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த நான்தான் மறந்தேன்.

ஸ்கான் அறிக்கை வந்த அன்றுதான் தனிச் சந்திப்பு. இந்திராவும் சுகந்தியோடு உள்ளே வரப் பார்த்தார்.

"நான் கூட நிக்கிறன் டொக்டர். அவவுக்கு இப்பிடியான இடங்களில கதைக்கத் தெரியாது."

நாள் முழுக்க மூன்று மொழியில் மற்றவர்களுக்காகப் பேசுகிறவருக்குக் கதைக்கத் தெரியாதாம். நான் கதவைச் சாத்தினேன், கொஞ்சம் பலமாகவே. அறையில் மூன்று பேர்: நான், சுகந்தி, எங்கள் பிரிவின் சிஸ்டர். சிஸ்டர் மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பெண், இந்த வேலையில் என்னைவிடப் பழையவர், நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டே தமிழ் பழகியவர். வெளியே அறுபது பேர் நம்பரோடு காத்திருந்தார்கள்.

"சுகந்தி, இங்க கதைக்கிறது வெளியில போகாது. உங்களுக்கு விருப்பமோ?"

அவர் யன்னலைப் பார்த்தார். கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டார்: "நான் ஏலாது எண்டு சொன்னா, அதை அவையளுக்கு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுவன். மருத்துவக் காரணம் எண்டு சொல்லுவன். உங்கட பெயரே வராது."

"அப்ப நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லையோ?"

"இல்லை."

"சரி," என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. பாவம், வாய்விட்டுச் சொல்லக்கூட இயலாத நிலை என்று நினைத்தேன். கோப்பை இழுத்து, 'தகுதியற்றவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் எழுந்து போனபிறகு சிஸ்டர் மெல்லச் சொன்னார்: "மேடம், அந்த மிஸ் வேணாம் எண்டு சொல்லவே இல்லத்தானே."

"சிஸ்டர், எல்லாத்தையும் வாயாலயா சொல்ல வேணும்?" என்று எரிந்து விழுந்தேன். "அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ."

பிறகு வெளியே போய்க் குடும்பத்திடம் பொய் சொன்னேன். சும்மா "பொருந்தவில்லை" என்று நிறுத்தியிருக்கலாம். கோபம் இருந்தபடியால் நிறுத்தவில்லை. சுகந்தியின் சிறுநீரகங்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு இரண்டாக இரத்தக் குழாய்கள் இருக்கின்றன, எடுப்பது இரண்டு பேருக்கும் ஆபத்து என்று விளக்கமாகச் சொன்னேன். நீங்கள் சிரிப்பீர்கள், பக்கத்துக்கு இரண்டு குழாய் இருந்தாலும் எடுத்துப் பொருத்துகிறோம்தானே. ஆனால் சித்தப்பாவுக்கு அது தெரியாது.

"ரெண்டு இருந்தா இன்னும் நல்லதுதானே டொக்டர்?" என்றார் அவர்.

சுகந்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். இருபத்திமூன்றாம் திகதி வந்து, பத்தரை மணியும் கடந்து, ஒன்றும் நடக்காமல் போனது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட.

பொய் பாரத்தை இறக்கி வைப்பதில்லை, தோள் மாற்றுகிறது. அது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் விளங்கியது. சுகந்தி இல்லை என்றானதும் குடும்பம் அடுத்த ஆளைத் தேடியது. இந்திராவின் இரத்தம் சேரவில்லை. மிஞ்சியது மனோகரனின் மகள், இருபத்தொரு வயது, கம்பஸில் இரண்டாம் வருடம். அந்தப் பிள்ளை தானாகவே கிளினிக்குக்கு வந்து கையை நீட்டியது. இரத்தம் சேர்ந்தது. அதைக் கேள்விப்பட்ட மனோகரன், பிள்ளையிடம் வாங்குவதென்றால் தனக்கு வைத்தியமே வேண்டாம் என்று டயலிசிஸுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வரிசையாக இரண்டு தடவை போகவில்லை. மூன்றாவது தடவை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர், உதடு நீலம். எங்கள் பிரிவின் இளம் டொக்டர்மார் ஓடி ஓடிக் காப்பாற்றினார்கள். அன்றைக்கு அவர் போயிருந்தால், மரணச் சான்றிதழில் என் பொய் எந்த வரியிலும் வந்திருக்காது.

அடுத்த நாள் மத்தியானம் நான் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சுகந்தி அறைக்கு வந்தார். கேட்காமலே உட்கார்ந்தார். மண்ணிறக் கடித உறையிலிருந்து அறிக்கையை எடுத்து என் பார்சலுக்குப் பக்கத்தில் விரித்தார்.

"டொக்டர், இதில ரெண்டு எங்க இருக்குது எண்டு காட்டுங்கோ."

நான் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இப்படியான அறிக்கைகளை மருத்துவர்கள் வேறு விதமாக வாசிப்போம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் ஒரு வசனத்தின் கீழ் விரலை வைத்தார்.

"'சிங்கிள்' எண்டு போட்டிருக்குது. இடப்பக்கமும் ஒண்டு, வலப்பக்கமும் ஒண்டு. எனக்கு மூண்டு பாஷையிலயும் ஒண்டு எண்டா ஒண்டுதான்."

மூன்று மாதமாக அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. தான் வேண்டாம் என்று சொல்லாதபடியால், டொக்டர் சொன்னது உண்மையான காரணமாகத்தான் இருக்கும் என்று நம்பி அலுமாரியில் வைத்திருந்தார். மகளைச் சோதிக்கப் போகிறார்கள் என்றதும் சித்தப்பாவுக்கு ஒரு சந்தேகம்: அத்தைக்கு இருக்கும் கோளாறு பிள்ளைக்கும் இருந்தால்? "அந்த ரிப்போர்ட்டைத் தமிழில எழுதித் தா, நான் வேற டொக்டரிட்டக் காட்டுறன்" என்று சுகந்தியிடமே கேட்டிருக்கிறார். மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் சுகந்தி அந்த வசனத்துக்கு வந்தார். நான் பொய் சொன்னது, ஒவ்வொரு சொல்லையும் கையெழுத்துப் போட்டு உறுதிசெய்து வாழ்கிற ஆளைப் பற்றி.

"உங்களைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னனான்," என்றேன். "நீங்கள்தானே விருப்பமில்லை எண்டு…"

"எப்ப சொன்னனான்?"

"ஏலாது எண்டு சொன்னா எண்டு கேட்டீங்களே."

"கேட்டனான். வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வழி இருக்கோ எண்டு கேட்டனான். வேண்டாம் எண்டு சொல்லேல்ல." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். "வீட்டில எல்லாருமாச் சேர்ந்து எனக்காக ஓம் எண்டிச்சினம். இங்க நீங்கள் எனக்காக இல்லை எண்டிட்டீங்கள். இதில என்னட்ட ஆர் கேட்டது?"

"நான் கேட்டனான்தானே சுகந்தி."

"கேட்டனீங்கள். நான் வாய் திறக்க முதல் எழுதிப்போட்டீங்கள். இப்ப அந்தப் பிள்ளை ஊசி குத்துறதுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிக்குது, அண்ணா சாகக் கிடக்கிறார்."

இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியின் முன்னால் வெட்கப்பட்டது அன்றுதான். வெட்கப்பட்ட உடனே என்ன செய்தேன் தெரியுமா? இன்னொரு பொய்யைத் தேடினேன். மனிதப் பிறவிக்கு வெட்கமே வரக்கூடாது, வந்தால் மூளை வேலை செய்யாது. "ஒண்டு செய்வம். திருப்பிப் பாத்தம், முதல் எடுத்த படம் பிழை, இப்ப சரி எண்டு நான் சொல்லுறன்."

"அப்ப ஸ்கான் எடுத்த இடத்துப் பிள்ளையளில பழியைப் போடப்போறீங்களோ? வேண்டாம் டொக்டர். நீங்கள் சொன்னது பொய் எண்டு சொல்லுங்கோ."

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் உடனே ஓம் என்றிருப்பீர்கள். உண்மை சொல்வது அவ்வளவு சுலபம் என்று நினைக்கிற வயது உங்களுக்கு. கொழும்புத் தமிழ்ச் சனம் எவ்வளவு பேர் என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளவத்தையில் காலையில் சொன்னது மத்தியானத்துக்குள் கொட்டாஞ்சேனைக்கும் வத்தளைக்கும் போய்விடும். அந்தப் பிரிவில் டொக்டர் பொய் சொல்லுவார் என்று ஒருதரம் தெரிந்துவிட்டால், உண்மையாகவே விருப்பமில்லாமல் வருகிற அடுத்த ஆளை நான் எதைச் சொல்லிக் காப்பாற்றுவது? மாமியாருக்காக இழுத்துவரப்பட்ட மருமகள்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அந்தப் பொய்யைவிட்டால் வேறு கதவு இல்லை. ஒரு ஆளுக்குச் சேரவேண்டிய உண்மைக்காக இனி வரப்போகும் எல்லோருடைய மறைப்பையும் கிழிக்கவேண்டும். சோறு ஆறிப்போனது.

என் பயம் வீணானதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் கழித்துக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒருவர், தம்பியின் சிறுநீரகம் சரிவராது என்று நான் சொன்னதும் என் மேசையில் கையால் அடித்தார். "வெள்ளவத்தை ஆக்களுக்குச் சொன்ன மாதிரி எங்களுக்கும் பொய் சொல்லுறீங்களோ? ரிப்போர்ட்டைக் காட்டுங்கோ" என்றார். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் இப்போது நீங்கள் பின்பற்றும் விதி வந்தது: குடும்பம் முதல் நாள் வரும்போதே, தருபவரைப் பற்றி எங்கள் முடிவை மட்டும் சொல்வோம், காரணம் சொல்லமாட்டோம், யார் கேட்டாலும் அறிக்கை காட்டமாட்டோம் என்று சொல்லிவிடுகிறோம். அந்த விதி எரிச்சலாக இருக்கிறது என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதிலும் விழுகிறது. இருக்கட்டும்.

சுகந்தியிடம் கடைசியில் ஓம் என்றேன். வருங்காலத்தில் வரப்போகும் ஆட்கள் முக்கியம்தான். ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் வாயை மூடியது நான். அதைத் திறந்துவிடவேண்டியதும் நான்தான்.

அன்று பின்னேரமே மனோகரனின் கட்டிலைச் சுற்றி எல்லோரையும் கூப்பிட்டேன். சித்தப்பா, இந்திரா, சுகந்தி. சிஸ்டரும் வந்து என் பக்கத்தில் நின்றார். "மூண்டு மாசத்துக்கு முதல் நான் உங்களுக்குச் சொன்னது பொய். சுகந்தியின்ர கிட்னியில ஒரு கோளாறும் இல்லை. அவவைக் கேக்காமல் நானாக எடுத்த முடிவு அது. பிழை என்ர," என்றேன்.

சித்தப்பா கத்தினார். முறைப்பாடு கொடுப்பேன் என்றார். கொடுங்கோ என்றேன், கொடுத்தார். அதற்கு நான் எழுதிய விளக்கக் கடிதம் நான்கு பக்கம். இந்திரா அவரைப் போலக் கத்தவில்லை. மெல்லத் திரும்பி நாத்தனாரைப் பார்த்தார்.

"அப்ப நீதான் குடுக்க மாட்டன் எண்டனியோ?"

நான் வாயைத் திறந்தேன். சுகந்தியைக் காப்பாற்றுவதற்குத்தான், வேறு எதற்கு? சிஸ்டர் என் முழங்கையைப் பிடித்தார். நல்ல இறுக்கிப் பிடித்தார்.

"நான் இன்னும் ஒண்டுமே சொல்லேல்ல அண்ணி," என்றார் சுகந்தி.

மனோகரன் ஒக்சிசன் முகமூடியை இழுத்து நாடிக்குக் கீழே விட்டார். "நான்தான் உன்னட்டக் கேட்டிருக்கவேணும்," என்றார். மூச்சு வாங்கியது. "கேக்கப் பயமா இருந்தது. நீ இல்லை எண்டிட்டா… அதுதான் சித்தப்பாவை விட்டனான்." பிறகு கேட்டார். "சுகந்தி, உனக்கு விருப்பமோ?"

சுகந்தி அழுதுகொண்டு ஓம் என்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். நானும்தான். அவர் அழவில்லை.

"எனக்கு ரெண்டு கிழமை வேணும். அதுவரைக்கும் வீட்டில ஒருத்தரும் இதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. பிள்ளையைச் சோதிக்கிறதை நிப்பாட்டுங்கோ. நீ ஒழுங்கா டயலிசிஸுக்குப் போகவேணும் அண்ணா."

அந்த இரண்டு கிழமையும் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று அப்போது என்னோடு வேலை செய்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அண்ணன் சாக்கிடையில் இருந்து எழும்பியிருக்கிறார், மூன்று மாதம் ஏற்கனவே என்னால் வீணாகியிருக்கிறது, இவர் யோசிக்கிறாராம். இரண்டு தடவை போனை எடுத்தேன். இரண்டு தடவையும் சிஸ்டர் அதை வாங்கித் தன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். மனோகரன் மட்டும் ஒரு தடவையும் தவறாமல் டயலிசிஸுக்கு வந்து, வாய் திறக்காமல் படுத்துவிட்டுப் போனார்.

பதினைந்தாம் நாள் சுகந்தி கிளினிக்குக்கு வந்தார். எல்லோரையும் போல நம்பர் எடுத்து, வாங்கில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே வந்தார். "குடுக்கிறன் டொக்டர்" என்றார். நான் பேனையை எடுக்காமல் இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவை சொன்னார். பிறகுதான் எழுதினேன்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. பக்கத்துக்கு ஒரு குழாய்தான், என் கண்ணால் பார்த்தேன். மனோகரன் இப்போது கடையில் இருக்கிறார், மருந்துக் குளிசையை நேரத்துக்குப் போடாமல் இப்போதும் ஏச்சு வாங்குகிறார். அந்தப் பிள்ளை கம்பஸ் முடித்துவிட்டது.

சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்துச் சோதனைக்கு வந்த சுகந்தியின் தழும்பைப் பார்த்து, எல்லாம் சரி என்று சொன்னபிறகு, எனக்குப் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அந்த ரெண்டு கிழமையும் அப்பிடி என்ன யோசிச்சனீங்கள்?"

"ஒண்டும் யோசிக்கேல்ல டொக்டர். அண்ணாவுக்குக் குடுக்கிறதெண்டு எனக்கு முதல் நாளே தெரியும்."

"அப்ப ஏன் எங்களை எல்லாம் அவ்வளவு நாள் காக்க வச்சனீங்கள்?" என் குரலில் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது.

சுகந்தி கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைப் போட்டார். "நான் இல்லை எண்டு சொன்னாலும் சொல்லக்கூடும் எண்டு வீட்டில எல்லாருக்கும் தெரிஞ்சிருந்த நாளுகள், இந்த நாப்பத்தாறு வயசுக்கு அதுகள்தான் டொக்டர். ரெண்டு கிழமையாவது அப்பிடி இருந்து பாப்பம் எண்டு நினைச்சனான்."